காப்பியத்திலிருந்து கதைப்பாடலுக்கு

ஆங்கிலக் கவிதையின் வரலாற்றை 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிலிருந்து தொடங்குவோர் பலர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மொழியில் ‘பெயோவுல்ஃப்’ என்னும் காப்பியம் தோன்றிவிட்டது. 3,182 அடிகள் கொண்ட அது, ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரே கைப்பிரதியில்தான் எஞ்சியிருக்கிறது. 1731இல் லண்டனில் நேர்ந்த தீ விபத்தில் அதன் ஓரங்கள் கருகின.

அக்காப்பியத்தின் ஒவ்வோர் அடியும் நடுவில் இரண்டாகப் பிரிந்து நிற்க, அவ்விரு பாதிகளையும் மோனையே பிணைக்கிறது. அடியிறுதி இயைபு அங்கே விதியன்று. கடலைத் ‘திமிங்கிலப் பாதை’ என்பது போன்ற தொடர்கள் அழகுக்காக மட்டும் வருவன அல்ல. ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் கைவசம் இருந்தால்தான் கவிஞனால் அடிதோறும் மோனையைத் தவறாமல் அமைக்க முடியும். குலவரலாறு, பரிசளிப்பு, விருந்துரை என எங்கும் நின்று நிதானித்துச் செல்லும் நடை அது.

1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையில் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. அதன் செல்வாக்கால் இயைபு மெல்ல வேரூன்றியது. ஆயினும் மோனை யாப்பு அழிந்துவிடாமல், 14ஆம் நூற்றாண்டில் மேற்கிலும் வடக்கிலும் மீண்டும் தழைத்தது.

வாய்மொழியாகப் பாடப்பட்டுவந்த கதைப்பாடலின் (‘பேலட்’) இயல்பு வேறு. நாலடிச் செய்யுளில் அடிக்கு நான்கும் மூன்றுமாக மாறிவரும் அசையழுத்தங்கள், இரண்டாம் நான்காம் அடிகளில் இயைபு என அதன் யாப்பு எளியது. என்னைக் கவர்வது அந்த எளிமையைவிட, சொல்லாமல் விடுவதில் அது காட்டும் துணிவே. ‘சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்’ பாடலில் அரசனின் கடிதத்தின் முதல் வரியைப் படித்துச் சிரிக்கும் மாலுமி, அடுத்த வரியில் கண்ணீர் விடுகிறான். கப்பல் மூழ்கியதைப் பாடல் விவரிப்பதே இல்லை. காலணி நனையத் தயங்கிய பிரபுக்களின் தொப்பிகள் நீரின்மேல் மிதந்தன என்பதோடு அந்தப் பேரிடர் முடிந்துவிடுகிறது. காப்பியக் கவிஞன் இதற்கு நூறடியாவது செலவிட்டிருப்பான்.

1765இல் இப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட தாமஸ் பெர்சி, தம் காலச் சுவைக்கேற்பப் பலவற்றைத் திருத்தினார். 1882 முதல் 1898 வரை 305 கதைப்பாடல்களைப் பதிப்பித்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்பவரோ, கிடைத்த வடிவங்களை அருகருகே வைத்தார். வாய்மொழியாக வாழ்ந்த இலக்கியத்துக்கு அவர் வழியே தகும் என்பேன்: ‘லார்ட் ராண்டல்’ பாடலில் நஞ்சிட்டவள் ஒரு வடிவத்தில் காதலி, மற்றொன்றில் பாட்டி, இன்னொன்றில் மாற்றாந்தாய், அவற்றுள் ஒன்றை மட்டும் மூலம் என்று தேர்ந்தெடுக்க நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.