ஊசி போடும் நாளில் உட்கார்ந்து பேசினோம்

கடலூரில் சின்ன மருத்துவமனை நடத்துகிற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: ஆள் தங்குவதில்லை. நர்ஸிங் படிப்பு முடித்து வரும் பெண் இங்கே கை பழகிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய்விடுவாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாண்டி, அங்கே ஜிப்மர் இருக்கிறது, தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மிச்சப் பேர் அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். திருப்பாதிரிப்புலியூரில் நான் மேனேஜராக இருக்கும் நர்சிங் ஹோமிலும் இதே கதைதான்.

ஆனால் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. பாண்டிக்குப் போனவர்களைவிட, முதல் சம்பளம் வாங்கிய கையோடு வராமல் போனவர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் வேறு எங்கேயும் சேரவில்லை, வீட்டில்தான் இருந்தார்கள்.

போன் போட்டுக் கேட்டேன். முதலில் "உடம்பு சரியில்ல மேடம்" என்றுதான் வரும். பேச்சுக் கொடுத்தால்தான் நிஜம் வரும். பண்ருட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த பெண் சொன்னாள்: "ஹேண்ட்பேக்கை எங்க வைக்கறதுன்னே தெரியல மேடம். முதல் நாள் பூரா தோள்லயே மாட்டிக்கிட்டு நின்னேன். எங்க உக்காந்து சாப்பிடறதுன்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு, டப்பாவை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்." இன்னொருத்தி, ஓ.பி.யில் அத்தனை பேர் முன்னால் டாக்டர் சார் சத்தம் போட்டதைச் சொல்லி அழுதாள். டிரெஸ்ஸிங் டிரே எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

சம்பளமும் காரணம்தான், ஆனால் நான் நினைத்திருந்த விதத்தில் இல்லை. 12,000 என்று பேசிச் சேர்ந்தவள் கைக்கு வந்தது 10,470. பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். இதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லாததால், நிர்வாகம் சுருட்டிவிட்டது என்று அவள் வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

இப்போது சேரும் முன்பே ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டை மேஜையில் வைத்துப் பேசுகிறேன். கூட வரும் அப்பாவோ அண்ணனோ யாராக இருந்தாலும் அவரையும் உட்காரச் சொல்வேன். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, நிர்வாகம் தன் பங்குக்கு 3.25 சதவீதம் கட்டுகிறது, அவளை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்றதும் அப்பாக்கள் முகம் மாறும்.

ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயத்தில் டாக்டர் சாரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். "திருப்பிக் கொடுத்தா நாளைக்கே ஓடிடுவாங்கம்மா" என்றார். "வச்சிருந்தப்பவும் ஓடத்தானே சார் செஞ்சாங்க, பீரோல இன்னும் ரெண்டு பேரோடது கிடக்கு" என்றேன். சிரித்துவிட்டார். இப்போது ஒரிஜினலைப் பார்த்து, நர்ஸிங் கவுன்சில் பதிவைச் சரிபார்த்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறோம். பீரோவில் கிடந்தவற்றை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். அதற்குப் பிறகும் ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் போனாள். போகட்டும், பிடித்து வைத்த ஆள் நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

உண்மையில் கை கொடுத்தது தடுப்பூசிதான். மருத்துவக் கழிவு மேலாண்மைக்கு 2016இல் வந்த விதிகளின்படி, வேலையில் சேரும்போதே பயிற்சி கொடுக்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது கொடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும். பல இடங்களில் இது ரெஜிஸ்டரில் கையெழுத்தோடு முடிந்துவிடும். நாங்கள் முதல் நாளே கழிவுத் தொட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி, ஓடி முடிந்த ஒரு டிரிப்ஸ் செட்டைக் கையுறை போட்ட கையில் கொடுத்துவிடுகிறோம். ஊசி வெள்ளை டப்பாவுக்கு, டியூப் சிவப்புக்கு, ஆம்பியூல் நீலத்துக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு. அங்கேயே இன்னொன்றும் சொல்வோம்: கையில் ஊசி குத்தினால் மறைக்காதே, பிழியாதே, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே வந்து சொல், யாரும் திட்ட மாட்டார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுக்குப் பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸ்: சேரும்போது, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். செலவு எங்களுடையது. மேனேஜர் ரூமுக்கு வா என்று கூப்பிட்டாலே திட்டத்தான் என்று நினைத்து நடுங்கிக்கொண்டு வருவார்கள். ஊசி போட வந்தவளை "அஞ்சு நிமிஷம் உக்காரு, டீ குடிச்சுட்டுப் போ" என்றால் பேசுவார்கள். இரண்டாவது டோஸ் அன்றைக்குத்தான், எட்டு மணிக்கு டூட்டி முடிந்தால் குறிஞ்சிப்பாடி பஸ்ஸைத் தினமும் தவறவிடுகிறேன் என்று ஒருத்தி சொன்னாள். ஷிப்ட் மாறும் நேரத்தை ஏழரைக்கு மாற்றினோம், பைசா செலவில்லை.

இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, கற்றுக்கொடுக்க ஒரு ஆளைப் பிடித்தது. வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டபோது முகத்தில் அடித்த மாதிரி சொன்னார்: "நான் தொண்டை வறளக் கத்துக்கொடுக்கறேன், அதுங்க பாண்டில போய் ரெண்டாயிரம் கூட வாங்கிக்குதுங்க. எனக்கு என்ன?" நியாயமான கேள்வி. புது ஆளை ஒட்டிவிட்டால் அவருக்கு வேலை இரண்டு மடங்கு, கூலி அதே. சாரிடம் பேசி, புது ஆள் கூட இருக்கும் முதல் மாதம் அவருக்குத் தனிப் படி, திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்திலிருந்து விடுதலை என்று வாங்கிக் கொடுத்தேன். புதிதாக வருபவர்கள் எதைக் கேட்பதானாலும் அவரைத்தான் கேட்க வேண்டும், அந்த மாதம் நைட் டூட்டி கிடையாது. இது வந்த பிறகுதான் பெண்கள் தங்க ஆரம்பித்தார்கள். புது ஆட்களுக்காக நான் அடித்து வைத்த அச்சுத்தாள்களை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

நோயாளிகள் முன்னால் சத்தம் போடக் கூடாது என்பதற்குச் சாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேல் மறந்துவிடுகிறார்.

எம்.ஆர்.பி.யில் தேர்வாகிப் போகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஸ்வீட் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்து ஆயாம்மாக்களின் முறை. கழிவுப் பைகளைக் கட்டித் தூக்குவது அவர்கள்தான், விதி அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவர்களைக் கான்ட்ராக்டில் அனுப்பும் ஆள், ஊசிக்குப் பணம் யார் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் டோஸை நாங்களே போட்டுவிட்டோம், மிச்சத்துக்குப் பேச்சு நடக்கிறது.