அடைமழைக் காலத்து வீடு

வெள்ளைப் பனி கொட்டி வாசல் மூடிப்போகிற குளிர்காலமெல்லாம் திருநெல்வேலிச் சீமைக்குக் கிடையாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே சின்னப்பிள்ளைகளாக இருந்தவர்களிடம் கேட்டால், கடுமையான காலம் என்று ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத்தான் சொல்வார்கள். 1992 நவம்பரில் தாமிரபரணி கரை மீறி வந்ததையும் சேர்த்தே சொல்வார்கள். தென்மேற்குப் பருவம் குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும். கிழக்கே வரவர வெறும் காற்றாகிவிடும். ஊர்க்குளங்கள் பெருகுவது வடகிழக்குப் பருவத்தில். குமரிக்கடல் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி நகராமல் நின்றுவிட்டால், கீழ்காற்று கடலின் ஈரத்தை அள்ளிவந்து மலையின் கிழக்குச் சரிவில் மோதும். மலையிலும் கொட்டும், சமவெளியிலும் கொட்டும். இரண்டு தண்ணீரும் ஒரே நாளில் ஆற்றில் சேர்ந்தால்தான் ஆபத்து.

வெயிலே பார்க்காமல் பத்து, பதினைந்து நாள் ஒரு வீடு ஓட வேண்டும். அதற்கான வேலை மழை தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே முடிந்திருக்கும். அடைமழைக்குள் நனைந்த எதையும் காயவைக்க முடியாது. காய்ந்திருப்பதை நனையாமல் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அந்தக் காலத்து வீட்டு ஏற்பாடு முழுவதும் இந்த ஒன்றை வைத்தே நடந்தது.

முதலில் விறகு. உடைமரமோ கருவேலமோ, பச்சையாக வெட்டியதில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும். அதனால் சித்திரை, வைகாசியிலேயே வெட்டி, பிளந்து, வெயிலில் போட்டுவிடுவார்கள். பிளக்காமல் உருட்டையாகக் கிடந்தால் நாலு மாதமானாலும் பட்டைக்குள் ஈரம் நிற்கும். புரட்டாசியில் அதை அடுக்க வேண்டும். தரையில் இரண்டு வரிசை கல், அதன்மேல் பனந்துண்டு, அதற்கும் மேல்தான் விறகு. தரைக்கும் விறகுக்கும் நடுவே அரை அடி இடைவெளி இருக்கும். சுவரோடு ஒட்டவும் கூடாது, கரையான் ஏறிவிடும். பட்டை உள்ள பக்கம் மேலே பார்த்திருந்தால் தெறிக்கிற சாரல் வழிந்து போய்விடும்.

அடுப்படியில் அடுப்புக்கு நேர் மேலே, கை எட்டுகிற உயரத்தில் ஒரு பரண் உண்டு. நாளைக்கு எரிக்க வேண்டிய விறகு இன்றைக்கே அதில் ஏறிவிடும். தாழ்த்திக் கட்டினால் பன்னாடைத் (பனைமட்டை அடியில் வலைபோல இருக்கும் நார்) தீ எழும்போது பரணே பற்றும்; உயர்த்திக் கட்டினால் சூடு சேராது. ஈர விறகை அப்படியே அடுப்பில் வைத்தால், உள்ளே இருக்கிற தண்ணீரை ஆவியாக்கவே தீயின் சூடு செலவாகும், தீயும் எழும்பாது. மிஞ்சுவது புகையும் கண்ணெரிச்சலும்தான். அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதில் பிரயோசனம் இல்லை. எண்ணெய் எரிந்து அடங்கும், விறகு அப்படியே கிடக்கும். பற்றவைக்கச் சரியானது காய்ந்த பனையோலை, பன்னாடை, சிரட்டை, இந்த வரிசையில். சிரட்டை இரண்டு நன்றாகப் பிடித்த பிறகுதான் மெல்லிய விறகு, கடைசியாகத் தடித்தது. ராத்திரி சமையல் முடிந்ததும் புளியமரக் கட்டை ஒன்றைக் கங்காக விட்டுச் சாம்பலால் மூடிவிட்டால், விடியற்காலம் சாம்பலை விலக்கி ஊதுகுழலால் ஊதினாலே தீ வந்துவிடும். தீப்பெட்டிச் செலவும் மிச்சம்.

அந்தத் தீப்பெட்டிக்கும் பாதுகாப்பு வேண்டும். ஈரக்காற்றில் குச்சி முனை இளகி, உரசும்போது மருந்து உதிர்ந்து வந்துவிடும். அதனால் மூடியிட்ட தகரடப்பாவில் ஒரு பிடி அரிசியைப் போட்டு அதற்குள் வைப்பார்கள்.

சாப்பாட்டுக்கான ஏற்பாடு பங்குனி வெயிலிலேயே தொடங்கிவிடும். சுண்டவத்தல், மிதுக்கவத்தல், சீனியவரை வத்தல், மோர்மிளகாய், கூழ்வத்தல் எல்லாம் அப்போதே போட்டு வைத்தாகிவிடும். ஐப்பசியில் சந்தைக்குக் காய் வரத்து நின்றால் இவைதான் குழம்பு. கார் அறுவடை நெல்லும் மழைக்கு முன் காய்ந்தாக வேண்டும். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் வெயில் பற்றவில்லை. நசுங்குகிற நெல்லைக் குலுக்கையில், அதாவது நெல் சேமிக்கிற மண்குதிரில், கொட்டினால் உள்ளே சூடேறி, கட்டிபிடித்து, முளைவிட்டுவிடும். வேப்பிலையும் நொச்சியும் போடுவது பூச்சிக்காக மட்டும்தான், ஈரத்தை அவை எடுக்காது.

கருப்பட்டிதான் ரொம்பக் கவனம் கேட்கும் பொருள். உடன்குடிக் கருப்பட்டியாகவே இருந்தாலும் ஈரக்காற்றை உறிஞ்சிக் கசிந்துவிடும். வெளிப்புறம் பிசுபிசுத்ததும் எறும்பு, பிறகு பூஞ்சை. மண்பானையில் வைத்தால் அடிக்கருப்பட்டி பாகாகிவிடும். ஓலைப்பெட்டியில் அடுக்கி, மூடி, அடுப்புக்கு மேலே புகைபடுகிற உத்தரத்தில் தொங்கவிடுவதுதான் வழி. ஓலை காற்றை விடும், சூடு ஈரத்தை விரட்டும், புகைக்கு எறும்பு வராது. இன்றைக்குக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். அதுவும் சரிதான், ஆனால் எடுத்த கருப்பட்டியைத் திரும்ப உள்ளே வைக்கக்கூடாது, வியர்த்துவிடும்.

அடைமழைக்கு நாலு தம்ளர் சுக்குக்காப்பி போடுகிற கணக்கு இது: ஒரு விரல்கணு நீளச் சுக்கு, இரண்டு தேக்கரண்டி கொத்தமல்லி விதை, பத்து மிளகு. மூன்றையும் வெறும் சட்டியில் லேசாக வாசம் வர வறுத்து, ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். நைஸாகப் பொடித்தால் வடிகட்டியில் இறங்கி, குடிக்கும்போது தொண்டையில் நிற்கும். நூறு கிராம் கருப்பட்டியைத் தனியாக ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிக்க வேண்டும், அடியில் மணல் இல்லாத கருப்பட்டி அபூர்வம். இன்னொரு பாத்திரத்தில் மூன்றரைத் தம்ளர் தண்ணீர் கொதித்ததும் பொடியையும் ஒரு கை துளசியையும் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, கடைசியில் கருப்பட்டித் தண்ணீரை ஊற்றி ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். பால் வேண்டாம். கருப்பட்டி கொதிக்கும்போது பால் ஊற்றினால் திரியவும் செய்யும்.

மண்சுவர் வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு அடைமழையிலும் ஆள் சாவது இதில்தான். மண்சுவர் மேலிருந்து கரைந்து விழுவது குறைவு. கூரையிலிருந்து விழும் தண்ணீர் தரையில் பட்டுத் தெறித்து, அடிச்சுவரின் முதல் இரண்டு அடியை அரிக்கும். கீழே நிற்கிற தண்ணீரும் சுவருக்குள் ஊறி ஏறும். ஊறிய மண்ணுக்குத் தாங்குகிற பலம் போய்விடும், மேலே இருக்கிற சுவரின் எடையோ கூடியிருக்கும். மழை விட்டு, வெயில் எட்டிப்பார்க்கிற நாளிலும் சுவர் இடிவது அதனால்தான். அடிச்சுவர் வயிறு தள்ளுவது, மூலையில் மேலிருந்து கீழாக வெடிப்பு ஓடுவது, நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் பிடிப்பது: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த அறையில் யாரும் படுக்கக்கூடாது. முன்னேற்பாடு எளிது. புரட்டாசியில் சாணியும் மண்ணும் குழைத்து அடிச்சுவரைப் பூசி, வெளிப்பக்கம் பனையோலைத் தட்டிகளைச் சாய்த்து வைத்து, இறவாணத்துக்கு, அதாவது கூரை விளிம்புக்கு, கீழே தண்ணீர் ஓட ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் எடுத்துவிட வேண்டும்.

வைக்கோல் படப்பும் இதே கதைதான். கல்மேல் தூக்கி, உச்சியைக் கூம்பாக முடித்து, வைக்கோலின் தலைப்பு வெளியே சரிந்திருக்கும்படி போட்டால் ஒரு முழத்துக்கு உள்ளே தண்ணீர் போகாது. ஈரத்தோடு போட்டால் உள்ளே வெந்து கறுத்துப்போகும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். செம்மறிகளுக்குக் கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி கடித்து நீலநாக்கு நோய் வருவதும் இந்த மாதங்களில்தான். தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

ஊர் முழுக்கக் கூடி நின்ற இடம் குளத்தங்கரை. நம் பக்கத்துக் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்தவை. மேல்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறினால், அடுத்த குளத்துக்குத் தண்ணீர். அதனால் ஒரு கரை உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாக இறங்கி, கீழே இருக்கிற கரைகளையும் கொண்டுபோகும். கரை இரண்டு விதமாக உடையும். ஒன்று, மறுகால் அடைபட்டுத் தண்ணீர் கரைமேல் ஏறி வழிவது. வழிகிற தண்ணீர் வெளிச்சரிவை அறுத்துவிடும். மறுகால் தண்ணீர் வெளியேறும் கலிங்கில் சிக்கும் ஆகாயத்தாமரையையும் முள்ளையும் மழைக்கு முன்பே எடுத்திருந்தால் இதற்கு இடமே இல்லை.

மற்றது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் மக்கிய வேர், இவற்றின் வழியே தண்ணீர் புகுந்து வெளிச்சரிவின் அடியில் கசியும். ராத்திரி அரிக்கேன் விளக்கோடு கரைக்காவல் போகிறவர்கள் கரையின் மேலே நடக்காமல் அடிவாரத்தில் நடப்பது இதைப் பார்க்கத்தான். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரையின் உள்மண் கழன்று வருகிறது என்று அர்த்தம். நேரம் அதிகம் இல்லை. வெளியே துவாரத்தை அடைப்பது பெரிய தவறு, தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடிக்கொள்ளும். துவாரத்தைச் சுற்றி மணல்மூட்டையால் கிணற்று உறைபோல வட்டம் கட்டி உள்ளே தண்ணீரை உயரவிட வேண்டும். உயர்ந்த தண்ணீர் எதிர் அழுத்தம் கொடுக்கும், மண் வருவது நிற்கும். அதற்குள் குளத்துப் பக்கம் வாயைத் தேடி வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைக்கலாம். மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. பிதுங்க நிரப்பிய மூட்டை ஒன்றோடொன்று படியாமல் சந்துவிடும்.

ஆற்றங்கரையில் குறுக்குத்துறை முருகன் கோவில் வெள்ளத்தில் முழுகும் என்று தெரிந்தே கட்டியது. தண்ணீர் ஏறும்போது உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று கொட்டியபோது எந்தக் குளக்கரையும் அந்தக் கணக்குக்குக் கட்டியதாக இல்லை. அப்படி ஒரு மழையில் கரையைக் காப்பதை விட்டுவிட்டு மேட்டுக்குப் போவதுதான் சரி.

வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை கிணறு. தேற்றாங்கொட்டையை உரசிப்போட்டால் கலங்கல் தெளியும், கிருமி போகாது. முதலில் இறைத்துச் சேற்றை எடுத்துவிட்டு, ஊறிய தண்ணீரின் அளவைக் கணக்குப் போட வேண்டும்: விட்டத்தை மீட்டரில் அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் 70 கிராம். கலங்கல் மிச்சமிருந்தால் கூடுதலாகத் தேவைப்படும். பவுடரை நேராகக் கொட்டக்கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் அப்படியே விட வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது வசதி. அதற்குப் பிறகும் ஒரு வாரத்துக்குக் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.