ஒன்பது அட்டை, மூன்று அட்டை

"அவளுக்கு ஒன்பது அட்டை மாத்திரை, எனக்கு மூணுதானா?" என்று நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. சரியான பதில்தான். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன பிறகு அவர் சொன்னதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே பஸ், மருந்து வரிசையிலும் அடுத்தடுத்து நின்றார்கள். முதலாமவருக்கு பிரஷர் 128/80, வெகுநாளாகக் கட்டுக்குள் இருக்கிறது. அதனால் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராம் மூன்று மாதத்துக்கு என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டாமவருக்கு 162/98. மாத்திரையை 10 மில்லிகிராமாக ஏற்றி, ஒரு மாதம் மட்டும் எழுதி, அடுத்த மாதம் கட்டாயம் வர வேண்டும் என்று கோடும் போட்டிருந்தார்.

இது எங்கள் இஷ்டத்துக்கு வைத்த விதி இல்லை. கட்டுக்குள் இருப்பவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், மருந்தை ஆரம்பித்தவர்களும் மாற்றியவர்களும் அளவு சரியாகும்வரை மாதாமாதம் வர வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலும் சொல்கிறது. முன்பெல்லாம் எங்களிடம் எல்லோருக்கும் முப்பது மாத்திரைதான். எச்.ஐ.வி. சிகிச்சையில் 2016-லேயே நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், பிரஷருக்கு மட்டும் ஏன் இப்படி அலைய விட வேண்டும் என்று கூட்டத்தில் பேசியவர்களில் நானும் ஒருவன். தூரத்து ஊர்க்காரர்களுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் பேசினேன்.

அதனால் தெம்பாகவே சொன்னேன்: "உங்களுக்கு இன்னும் கட்டுக்குள்ள வரலைம்மா. வந்துட்டா உங்களுக்கும் மூணு மாசம் தருவோம்."

"மாசாமாசம் வர முடியாமதான தம்பி மாத்திரை விட்டுப்போச்சு. விட்டுப்போனதாலதான ஏறிச்சு. அதுக்கு மறுபடியும் மாசாமாசம் வான்னா எப்படி?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. "டாக்டர்கிட்ட கேளுங்கம்மா" என்றேன். மருந்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் யாரும் அதைத்தான் சொல்வார்கள். அளவையும் நாளையும் மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை, இருக்கவும் கூடாது.

ஆனால் விடுபட்ட விஷயத்தை டாக்டரிடம் அவர் சொல்லியிருப்பாரா? "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், திட்டு விழும் என்ற பயம். ஜன்னலுக்கு வந்ததும் உண்மை வரும். வசதியான நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்காரர்களில் சுமார் பாதிப் பேர்தான் மருந்தைச் சரியாக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை ஒன்று சொல்கிறது. அப்படியிருக்க, சாப்பிடாத மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவை ஏற்றியிருந்தால்? அம்லோடிபின் 10-ல் கால் வீக்கம் வர வாய்ப்பு அதிகம். வீங்கினால் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள், பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், 162 என்று காட்டும் ஒருவரிடம் மூன்று மாத மாத்திரையைக் கொடுத்தனுப்பி, நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்? அப்போதும் அந்த விதியைத்தான் எல்லோரும் கேட்பார்கள், நான் உட்பட.

வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று. படித்தபோது அரசாங்கங்களைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது அட்டை, மூன்று அட்டை அளவிலும் அது நடக்கும் என்று தோன்றவில்லை. இத்தனைக்கும் அவர், தானாக வராதவர்களையும் தேடிப் பிடித்து ஊர் முழுக்க பிரஷர் பார்த்தவர்.

அடுத்த மாதம் அந்த அம்மா வரவில்லை. பதிவேட்டில் 'வராதவர்' பட்டியலில் சேர்ந்தார். அதற்கு அடுத்த மாதம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மூன்று மாதம் வாங்கியவருக்கு இன்னும் ஒரு மாத மாத்திரை கையில் இருக்க வேண்டுமே என்றேன். "இவளுக்குத் தீந்துபோச்சு, என்னோடதுல குடுத்தேன்" என்றார், கடுகு கடன் கொடுத்த மாதிரி. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக்கூடாது என்று ஆரம்பித்தேன். இரண்டாமவரின் சீட்டைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டேன். 136/84.

முதல் மாதம் 10, அடுத்த மாதம் தோழியின் 5. எது வேலை செய்தது? அளவை ஏற்றியதுதான் என்று டாக்டர் நினைக்கலாம். விடாமல் சாப்பிட்டதுதான் என்று எனக்குப் படுகிறது. இதை வைத்து விதி தவறு என்று சொல்ல முடியுமா என்றால், முடியாது. அடுத்தவர் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டு மோசமாகிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

இந்த முறை ஜன்னலை விட்டு எழுந்து போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. 5 மில்லிகிராமே தொடரட்டும் என்று இருவருக்கும் இரண்டு மாதம் எழுதினார். நடுவில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் ஒருமுறை பிரஷர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இதையே தூரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் செய்யலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். ஒரேயடியாக அத்தனை பேருக்கும் சேர்த்துக் கொடுக்க முதலில் ஸ்டாக் எங்கே என்றார்கள். அந்தப் பணியாளரிடம் இருக்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று யார் பார்ப்பது என்றார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அதற்குள் கையிருப்புக் கணக்கை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.