அயர்ன் டேபிளில் கருகிய விரல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் அயர்ன் டேபிளில் நிற்கும் பீகார் தம்பிக்கு 2022-இல் தொழுநோய் மருந்து வாங்கப் போன கதை இது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது கொஞ்சம்தான். ஆட்களிடம் பேசிப் புரியவைத்ததுதான் பெரும்பாடு.

ஒருநாள் தீய்ந்த வாடை. பீஸ் எதுவோ கருகுகிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், கருகியது அவன் சுண்டுவிரல். அயர்ன் பாக்ஸின் ஓரத்தில் விரல் ஒட்டியபடி இருக்க, அவன் பாட்டுக்கு அடுத்த டீ-சர்ட்டை மடித்துக்கொண்டிருந்தான். "வலிக்கலையாடா?" என்றேன். "இல்லண்ணா" என்றான், ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி.

கையிலும் முதுகிலும் வெளிறிய தேமல். ஒரு கிளினிக்கில் ஆறு மாதமாகக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை என்பதால் அவனும் கண்டுகொள்ளவில்லை. 'உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம்' என்று எங்கள் எதிர்ச்சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதன் கீழேதான் தினமும் சைக்கிளை நிறுத்துவான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்த நானும் அதைப் படித்ததில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அவன் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டு, "எங்கே தொட்டேன், காட்டு" என்றார். நல்ல தோலில் தொட்ட இடங்களைச் சரியாகக் காட்டினான். தேமலில் தொட்டபோது சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம் முழங்கையில் நரம்பை உருட்டிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்ததாம். சுண்டுவிரல் மரத்துப்போனது அதனால்தான். தேமல் ஏழு இருந்தது. ஐந்துக்கு மேல் போனால் 12 மாத மருந்து. 28 நாளுக்கு ஒரு மாத்திரை அட்டை, காசு கிடையாது.

நோயின் பெயரை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "குஷ்ட்" என்றேன். எனக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்த ஒரு சொல் அதுவாகப் போயிற்று. தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

ரூமில் ஆறு பேர். தட்டைத் தனியாக வை என்றார்கள், ரெண்டே நாளில் ரூமையே காலி செய் என்றார்கள். சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து, மருந்து தொடங்கியாயிற்று, இனி இவனிடமிருந்து பரவாது, பெரும்பாலானவர்கள் உடம்பில் இதற்கு எதிர்ப்பு இயல்பாகவே உண்டு என்றெல்லாம் சொன்னார். யாரும் அசையவில்லை. கூட இருப்பவர்களுக்கும் தடுப்புக்காக ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் மருந்து உண்டு என்று சோதித்துக் கொடுத்த பிறகுதான் முகங்கள் மாறின. மருந்து தங்கள் வாய்க்குள்ளும் போனதில் ஒரு சமாதானம் போல.

முதல் அட்டை வாங்கிய அன்று ராத்திரி போன். "அண்ணா, ரத்தம் போகுது." சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை, அட்டையின் முதல் நாளில், சுகாதார நிலையத்தார் கண்முன்னால் விழுங்கும் ரிபாம்பிசினின் நிறம் அது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பிறகு அதே அட்டையில் இருக்கும் க்ளோபாசிமின் என்ற இன்னொரு மருந்தால் தோல் கறுத்தது. ஊரில் பெண் பார்க்கிற நேரம், நிறுத்திவிடவா என்று கேட்டான். மருந்து முடிந்தால் நாளடைவில் தெளியும் என்று டாக்டர் சொன்னதை வாரத்துக்கு ஒருதரம் அவனுக்கு ஒப்பித்தேன்.

பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு ஊருக்குக் கிளம்பியபோது, இதோடு போச்சு என்றுதான் நினைத்தேன். சுகாதார நிலையத்தில் கேட்டதும் ரெண்டு அட்டையைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். 12 அட்டையை 18 மாதத்துக்குள் முடித்தால் போதும், கொஞ்சம் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம் என்றார்கள்.

எல்லா அட்டையும் முடித்துவிட்டான். சுண்டுவிரலுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. அதனால் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டேன், பீஸ் ரேட் குறைகிறது என்று இன்னும் சண்டை போடுகிறான்.

போன மாதம் செல்போனை நீட்டினான். ஒரு முதுகின் படம், வெளிறிய தேமலோடு.

"யாருடா?"

"மாமாண்ணா. ஊர்ல. பஞ்சு வெச்சுத் தொடச் சொன்னேன். தெரியலையாம்."