வாலில் சிவப்பு ரிப்பன்

அக்டோபர் 2

அந்த விளம்பரத்தை மறுபடியும் திறந்தேன். இனிமேல் குதிரை விளம்பரமே பார்ப்பதில்லை என்று வீட்டுக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமைதான் சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 4

குதிரை விற்கும் தொழில்காரருக்குப் போன் செய்துவிட்டேன். ஏழு நிமிஷம். ஒன்பது வயது, 16.1 கை உயரம், ஐரிஷ் டிராஃப்டும் தரோபிரெட்டும் கலந்த பழுப்புக் குதிரை, காயடித்தது. மூன்று சீசன் வேட்டைக்குப் போயிருக்கிறது. கேட்டருகே பொறுமையாக நிற்கும், நாய்களை உதைக்காது, லாரியில் ஏறும், லாடம் அடிப்பவருக்குத் தானே கால் தூக்கிக் கொடுக்கும். 11,500 பவுண்டு. நான் கேட்பதற்கு முன்பே பதில்கள் வந்துகொண்டிருந்தன. நானும் நோயாளிகளிடம் இப்படித்தான் பேசுவேன்: வலிக்காது, ஊசி போட்டதே தெரியாது, அரை மணியில் வீட்டுக்குப் போகலாம்.

ஏன் விற்கிறீர்கள் என்றேன். "அதுதானே என் பிழைப்பு" என்றார். இதற்கு மேல் என்ன கேட்பது?

ஒரு கை என்றால் நான்கு அங்குலம். 16.1 என்றால் 16 கையும் ஓர் அங்குலமும், தோள்மேடு வரை 165 சென்டிமீட்டர். நான் 157. வீட்டுக்காரர் டீ கலக்கிக்கொண்டே கேட்டார்: "ஏறுறதுக்கு ஏணி தனிக் கணக்கா?"

அக்டோபர் 5

லாயத்துக்குப் போனேன். என் பழைய பெண்குதிரை, அவளுடைய கதவில் இன்னும் யாரும் வேறு பெயர் எழுதவில்லை. உப்புக்கட்டி அப்படியே தொங்குகிறது, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து.

அக்டோபர் 11

பார்த்துவிட்டு வந்தேன். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் நின்றேன். நான் வருவதற்குமுன் ஏற வேண்டாம், களைப்பில்லாத குதிரையைப் பார்க்கவேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். வயிற்றுவார் படும் இடத்தில் மயிர் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. "சும்மா அஞ்சு நிமிஷம் நடக்கவிட்டேன்" என்றார். வெளியே ஆறு டிகிரிக் குளிர். ஐந்து நிமிஷ நடையில் எந்தக் குதிரை வியர்க்கும்?

ஆனால் அவர் ஏறிப் போனதைப் பார்த்தபோது அந்த ஈரம் மறந்துபோனது. விற்பவர்தான் முதலில் ஏறவேண்டும், அது முறை. அந்தக் கைகளை எப்படிச் சொல்வேன்! கை எதுவுமே செய்யவில்லை. முழங்கையிலிருந்து கடிவாளம் வரை ஒரே கோடு, குதிரையின் தலை அசைய அந்தக் கோடும் அசைந்தது. புதர்வேலியை நோக்கிப் போகும்போது அவசரம் கிடையாது, தயக்கம் கிடையாது. வாசற்படியை ஏறுவதுபோல் ஏறி அந்தப் பக்கம் இறங்கின இரண்டும்.

பிறகு நான் ஏறினேன். நாலு சுற்றுக்குள் குதிரைக்குத் தெரிந்துவிட்டது, மேலே ஆள் மாறிவிட்டது என்று. காது இரண்டும் பின்னால் திரும்பின. கோபமில்லை, விசாரணை. யாரம்மா நீ? இடப்பக்க வட்டத்தில் கேன்டர் என்கிற மிதமான ஓட்டம் கேட்டேன், தப்பான காலில் எடுத்தது. மறுபடி கேட்டேன், மறுபடியும் தப்பு. தொழில்காரர் வேலியில் சாய்ந்தபடி, "உள்கால் கொஞ்சம்" என்றார். வட்டத்தின் உட்பக்கக் காலால் கொஞ்சம் அழுத்தினேன். சரியாக எடுத்தது. அப்படியென்றால் தப்பு என்னுடையதுதான். அப்படித்தானே?

மூன்று தடை தாண்டினோம். மூன்றாவதில் சிரித்துவிட்டேன். ஜூனில் அவள் போன பிறகு முதல் தடவை.

அக்டோபர் 12

இடது காரை எலும்பு வலிக்கிறது. மழை வரும்.

அக்டோபர் 13

மதியம் ஒரு பெரியவர் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது, வீட்டுக்குப் போனால் கடிக்கிறதாம். மூன்றாவது முறை வருகிறார். இங்கே நான் சொல்கிறபடி வாயைத் திறக்கிறார், மூடுகிறார். வீட்டில் யார் சொல்வார்கள்? பல்செட்டில் குற்றமில்லை, அவர் பேரிலும் குற்றமில்லை.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பழுப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டாளாம்.

அக்டோபர் 14

அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். "குதிரை வாங்கக் காசு கொடுத்து அனுப்பின மாணிக்கவாசகர் கதை தெரியும்ல உனக்கு?" என்றாள். தெரியாமலா! சிறு வயதில் அவள்தான் சொல்லித் தூங்கவைப்பாள். பாண்டியன் கொடுத்த பொன்னையெல்லாம் மந்திரி கோயிலுக்குச் செலவழித்துவிட, இறைவனே நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வணிகனாக ஓட்டிக்கொண்டு வந்த கதை. ராஜா பார்த்தார், மயங்கினார், கட்டிவைக்கச் சொன்னார். ராத்திரியில் எல்லாம் நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின.

எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பாண்டியன் ஏன் ஒரு குதிரையின்மேலாவது ஏறிப் பார்க்கவில்லை? அந்த வணிகன் ஓட்டிக் காட்டிய அழகிலேயே மயங்கியிருப்பான்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், நான் வாங்கப்போவது நரி வேட்டைக்கான பரி. அதிலும் நரி கிடையாது. இங்கிலாந்தில் 2004 சட்டத்துக்குப் பிறகு நாய்களை விட்டு நரியைத் துரத்தக்கூடாது. யாரோ முன்னால் போய் வாசனைத் துணியை இழுத்துவிட்டு வருகிறார், நாய்கள் அதன்பின் ஓடுகின்றன, நாங்கள் நாய்களின் பின். இதையும் தடை செய்வதாக 2024 தேர்தல் அறிக்கையில் ஆளும் கட்சி எழுதிவிட்டது. சட்டத்தை ஏமாற்ற அந்தத் துணி ஒரு சாக்கு என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்த ஓட்டம்தான். நாளைக்கே தடை வந்தால் இந்தக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று வீட்டுக்காரர் கேட்டார். வைத்துக்கொண்டிருப்பேன்.

அக்டோபர் 18

இரண்டாம் தடவை. ரோட்டில் போனோம், டிராக்டர் வந்தது, காதைக்கூட ஆட்டவில்லை. கேட்டைக் குனிந்து திறந்து மூடும்வரை நின்றது. எல்லாம் சொன்னபடி.

பிறகு வாயைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது, 11,500 கேட்கிற குதிரையை ஏன் பார்க்கக்கூடாது? கீழ் வெட்டுப்பற்களில் குழி ஒன்றுகூட இல்லை, ஓரப்பல்லிலும் தேய்ந்துவிட்டது. அது எட்டு வயதுக்குள் நடப்பதுதான். மேல் வரிசை ஓரப்பல்லில், ஈறை ஒட்டி, பழுப்பாக ஒரு கோடு கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது. கால்வெய்ன் கோடு. பத்து வயதுவாக்கில் தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல், இருபதில் முழுப் பல். பாஸ்போர்ட்டில் ஒன்பது.

"டாக்டரம்மா கட்டணம் வாங்குவீங்களா?" என்று தொழில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 19

நகத்தின் வெள்ளைப் பிறை அளவுதான் அந்தக் கோடு. நாலு மில்லிமீட்டர்? ஐந்து?

அக்டோபர் 20

நல்ல வெளிச்சத்தில் பார்த்திருக்கவேண்டும்.

அக்டோபர் 22

ரசீதைப் பற்றிக் கேட்டேன். குதிரை தொழில்காரரின் மனைவி பெயரில் இருக்கிறதாம், மனைவி பெயரிலேயே எழுதித் தருவாராம்.

ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து படித்தேன். வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். சட்டத்துக்குக் குதிரையும் வாஷிங் மெஷினும் ஒன்றுதான். தரமாக இருக்கவேண்டும், சொன்ன வேலைக்கு உதவவேண்டும், சொன்ன விவரத்துக்கு ஒத்துவரவேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாள் தன் சொந்தக் குதிரையை விற்றால் கடைசியில் சொன்ன ஒன்றுதான் மிஞ்சும். மாதம் நாலு குதிரை கைமாற்றுகிறவர் மனைவி பெயரை எழுதிவிட்டால் தனியாளாகிவிடுவாரா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதை நிரூபிக்க நான் கோர்ட்டுக்கு அலையவேண்டும், அவ்வளவுதான்.

வேலியில் சாய்ந்து "உள்கால் கொஞ்சம்" என்ற அதே மனிதர். நல்ல ஆசிரியர். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சொன்னதையெல்லாம் எழுத்தில் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். வயது, பழக்கம், நாய்களை உதைக்காது என்பது, எல்லாம். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

அக்டோபர் 23

பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் "ஆமாம்". உதைப்பதைப் பற்றிய வரி மட்டும் அதில் இல்லை.

அக்டோபர் 24

போன சீசன் படங்களைத் தோண்டினேன். முந்நூற்றுச் சொச்சம். ஜனவரிப் பனி, தொழில்காரர், கீழே அந்தப் பழுப்பு, பின்பக்கமாக எடுத்தது. வாலில் சிவப்பு ரிப்பன்.

ரிப்பன்! வேட்டைக்கு வருகிற குழந்தைக்கும் தெரியும், சிவப்பு என்றால் உதைக்கும், தள்ளி நில். பச்சை என்றால் இளசு, புதுசு. ஒரு குதிரை இன்னொரு குதிரையை உதைத்தால் மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கலாம். நாயை உதைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதோடு எல்லோருக்கும் உன் பெயர் தெரிந்துவிடும்.

அக்டோபர் 25

கேட்டேன். அன்றைக்குக் கூட்டம் அதிகமாம், பின்னால் வருகிற கத்துக்குட்டிகள் முட்டிக்கொண்டு வராமலிருக்கக் கட்டினாராம். நிறையப் பேர் அப்படிக் கட்டுவதுண்டு, அது உண்மைதான். நானே ஒருமுறை அவளுக்குக் கட்டியிருக்கிறேன், அவள் ஈயைக்கூட உதைத்ததில்லை.

பொய் என்று தெரிந்தால் தூங்கியிருப்பேன்.

அக்டோபர் 26

மணியை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாகிவிட்டது. இனிமேல் ஐந்து மணிக்கே இருட்டு. வீட்டுக்காரர் சொன்னார்: "குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதுன்னு சொல்வாங்க. நீ தள்றதுக்கு முன்னாடியே குழி தேடுற."

அக்டோபர் 29

மருத்துவப் பரிசோதனை. தன் வழக்கமான கால்நடை மருத்துவரை வைத்துக்கொள்ளலாம், குதிரையைச் சின்னதிலிருந்து தெரிந்தவர் என்றார் தொழில்காரர். தெரிந்தவர் என்பதால்தான் வேண்டாம் என்றேன். நாற்பது மைல் தள்ளியிருந்து ஒருவரை வரவழைத்தேன். இளம்பெண், என் கையைவிடச் சின்னக் கை.

ஐந்து கட்டம். நின்ற நிலையில் தலைமுதல் குளம்புவரை, கண்ணுக்கு இருட்டறையில் விளக்கு, இதயத்துக்கு ஸ்டெதாஸ்கோப். பிறகு கையில் பிடித்து நடையும், டிராட் என்கிற துள்ளோட்டமும். பிறகு ஏறி ஓட்டி மூச்சுவாங்க வைப்பது. பிறகு ஓய்வு. கடைசியில் மறுபடி டிராட். கடினத் தரையில் இடது பின்காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டபோது முதல் நாலைந்து அடி குட்டையாக வைத்தது. அப்புறம் சரி. அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். நானும் பல் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே இப்படி எழுதுவேன், நாற்காலியில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல்.

ரத்தம் எடுத்தாள். ஆறு மாதம் பத்திரமாக வைத்திருப்பார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் வலி மருந்தோ மயக்க மருந்தோ அன்றைக்கு உடம்பில் இருந்ததா என்று பார்க்கலாம். தொழில்காரர் அந்த நேரத்தில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

சிப் எண்ணும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகின்றன. பல்லில் இருந்த அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டேன். ஒரு வருஷம் முன்பின் இருக்கும், அதை வைத்து வயதுக்குச் சத்தியம் செய்யமுடியாது என்றாள். எனக்கும் தெரியும். அவள் வாயால் கேட்கவேண்டியிருந்தது.

தேறியது, தேறவில்லை என்று சொல்லமாட்டார்களாம். நான் சொல்லும் உபயோகத்துக்கு ஏற்றதா என்று அபிப்பிராயம்தான். பின்முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதுவும்.

அக்டோபர் 30

எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. நிபுணரும் பார்க்கவேண்டுமாம், திங்கட்கிழமை.

நவம்பர் 1

சீசனின் முதல் நாள். குதிரை இல்லாமல், ரப்பர் பூட்ஸோடு, ரோட்டோரத்தில் நின்றேன். அறுபது எழுபது குதிரைகள். அதில் அந்தப் பழுப்பு. மேலே தொழில்காரர். எக்ஸ்ரே பதில் வராத காலோடு வேட்டைக்கு எடுத்துவந்திருக்கிறார்! முன்பணம் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கொடுக்கவில்லை. அவர் குதிரை, அவர் இஷ்டம்.

வாலில் ரிப்பன் இல்லை. நான் வருவேன் என்று தெரிந்து கழற்றினாரா?

நாய்கள் கூட்டமாக வந்தன. ஒரு குட்டையன், காது கிழிந்தவன், குதிரையின் பின்கால்களுக்கு நடுவே நுழைந்து, நின்று, வயிற்றடியில் தலையைத் தூக்கி மோந்து பார்த்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குதிரை அசையவில்லை. தொழில்காரரின் கையையும் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. கடிவாளம் தொய்ந்து கிடந்தது, ஒரு கையில் குடுவை, மறு கை தொடையில். யாரும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. அது தானாகவே நின்றது.

பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. குதிரைக்கு ஆளடையாளம் தெரியும் என்பார்கள். பாக்கெட்டில் கேரட் இருந்ததும் காரணமாயிருக்கலாம்.

நவம்பர் 2

தொழில்காரரிடமிருந்து மெசேஜ்: அடுத்த புதன்கிழமை நீங்களே ஒரு நாள் வேட்டைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், நான் வரமாட்டேன்.

பதில் போடவில்லை. லாயத்துக்குப் போய் உப்புக்கட்டியைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

நவம்பர் 3

பன்னிரண்டு மணிக்குப் போன் வரும். அதற்குள் இரண்டு பல் பிடுங்கவேண்டியிருக்கிறது.