உலாவி உறையும்போது கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

என் மடிக்கணினி 2012-ஆம் ஆண்டில் வாங்கியது. இரண்டு கோர் கொண்ட செயலி, 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஆகியவை வாங்கியபோது இருந்தவையே. இயங்குதளத்தை மட்டும் பின்னர் விண்டோஸ் 10-க்கு மாற்றினேன். மெய்ப்புத் திருத்தும் என் வேலை முழுவதும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. எனவே ஒரு நாளில் ஏழெட்டு முறை உலாவி உறைந்து, திரை வெளிறி, 'பதிலளிக்கவில்லை' என்ற சொல் தலைப்பில் தோன்றத் தொடங்கியபோது, அதைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். கேஷை அழித்தேன், வரலாற்றை அழித்தேன், உலாவியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். இவற்றால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. உலாவியை நீக்கும்போது நிரல் மட்டுமே நீங்குகிறது என்பதும், நீட்சிகள் (உலாவியில் நாம் சேர்க்கும் துணை நிரல்கள்), அமைப்புகள், புக்மார்க்குகள் எல்லாம் அடங்கிய ப்ரொஃபைல் கோப்புறை, நாமாகச் சொன்னாலொழிய, வட்டிலேயே தங்கிவிடுகிறது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதாவது, பழைய பொருள்கள் அப்படியே இருக்கும் வீட்டுக்குக் கதவை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை உறையும்போதும் நேரத்தையும், அந்தக் கணத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும், மவுஸின் அம்புக்குறி நகர்கிறதா, விசைப்பலகையின் நம் லாக் (Num Lock) விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா, ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு விடாமல் எரிகிறதா என்பவற்றையும் எழுதினேன். நம் லாக் விளக்கு மாறினால் இயங்குதளம் உயிரோடுதான் இருக்கிறது என்று கொள்ளலாம். அதுவும் மாறாவிட்டால் சிக்கல் உலாவியைவிட ஆழமான இடத்தில் இருக்கக்கூடும். எந்த நிரல் எவ்வளவு ரேமையும் டிஸ்கையும் பயன்படுத்துகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை உறைந்த பிறகு திறக்க முயல்வது வீண், அதுவே திறப்பதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே காலையிலேயே அதைத் திறந்து, மற்றச் சாளரங்களுக்கு எப்போதும் மேலே இருக்கும்படி அமைத்து, திரையின் ஓரத்தில் நிறுத்திவைத்தேன்.

நான்கு நாள் குறிப்புகளைப் படித்தபோது, ஒரே நோய் என்று நான் நினைத்திருந்தது இரண்டு நோய்கள் என்பது தெளிவானது. முதல் வகை மாலையில் மட்டும் வந்தது. அப்போது நினைவகப் பயன்பாடு 95 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. டிஸ்க் 100 விழுக்காடு பரபரப்பாக இருந்தது. ஆனால் அது படித்து எழுதிய அளவோ நொடிக்கு ஓரிரு எம்பிதான். இரண்டாவது வகை எந்த நேரத்திலும் வந்தது. நினைவகத்தில் பாதி காலியாக இருக்கும்போதும் டிஸ்க் 100 விழுக்காடு என்று காட்டியது, படித்த அளவு மட்டும் சுழியமாக நின்றது.

முதல் வகையின் காரணத்தைப் புரிந்துகொள்ள, இன்றைய உலாவிகள் இயங்கும் முறையை அறிய வேண்டும். முன்பு போல எல்லா டேப்களையும் ஒரே நிரலாக அவை ஓட்டுவதில்லை. பக்கங்களையும் நீட்சிகளையும் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டுகின்றன. 2018-இல் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளிவந்த பிறகு, ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவை எட்டிவிடாதபடி இந்தப் பிரிவினை மேலும் கடுமையாக்கப்பட்டது. பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்கான விலையை ரேம்தான் கொடுக்கிறது. ரேம் நிரம்பியதும் இயங்குதளம் அதிலுள்ளவற்றில் ஒரு பகுதியை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு எழுதி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ரேமிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி போதும். சுழலும் டிஸ்கில் முனை நகர்ந்து, வட்டு சுற்றி, உரிய இடம் வந்து சேரப் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். லட்சம் மடங்கு வேறுபாடு என்பதால், அந்த நேரத்தில் உலாவி செத்துப்போனது போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

ரேமை நிரப்பியது யார் என்று அறிய உலாவியின் உள்ளேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர் உதவியது. என் உலாவியில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். அங்கே ஒவ்வொரு டேப்பும் நீட்சியும் தனி வரியில் இருக்கும். சொல்லின் மீது மவுஸை வைத்தால் பொருள் காட்டும் ஒரு நீட்சி காலையில் 90 எம்பி எடுத்திருந்தது. மாலையில் பார்த்தபோது 1,100 எம்பியைத் தாண்டியிருந்தது. திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எடுத்துக்கொண்ட நினைவகத்தை அது திருப்பிக் கொடுக்கவே இல்லை என்று தோன்றுகிறது. அதை நீக்கியதும் மாலை நேரத்து உறைதல் முற்றிலும் நின்றது. இதற்கு நடுவில், காட்சி வேலைகளை வரைகலைச் சில்லிடம் ஒப்படைக்கும் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்தியும் பார்த்தேன்; என் கணினியில் அதனால் செயலியின் சுமை கூடியதே தவிரப் பயன் ஏதும் இல்லாததால் மீண்டும் இயக்கிவிட்டேன்.

இரண்டாவது வகைதான் என்னை நெடுநாள் ஏமாற்றியது. குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தால், அது பெரும்பாலும் முகவரிப் பட்டையில் எழுத்துகளைத் தட்டும்போது வந்திருந்தது. முகவரிப் பட்டையில் தட்டியவுடன் பொருத்தமான பக்கங்களைப் பரிந்துரைப்பதற்காக உலாவி தன் வரலாற்றுத் தரவுத்தளத்தைத் தேடுகிறது. எனவே புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிச் சோதித்தேன். ஒரு முறைகூட உறையவில்லை. பழைய ப்ரொஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அத்துடன் நிறுத்தியிருப்பேன். ஆனால் கோப்பு கெட்டிருந்தால் உலாவி பிழை காட்டலாம், மூடிக்கொள்ளலாம். டிஸ்க் ஏன் ஒன்றும் படிக்காமல் அரை நிமிடம் திணற வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவண்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் டிஸ்க் தொடர்பானவற்றை மட்டும் வடிகட்டினேன். டிஸ்கில் பழுதான பகுதி இருப்பதாகச் சொல்லும் 7 என்ற எண்ணுள்ள பிழை வரிசையாக இருந்தது. அவற்றின் நேரங்கள் என் குறிப்பேட்டில் இருந்த நேரங்களோடு நிமிடம் பிசகாமல் பொருந்தின. பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் மதிப்புகளைப் பார்த்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களை, அதாவது வட்டின் சிறு பகுதிகளை, குறிக்கும் வரியில் 18 என்று இருந்தது. அந்த மென்பொருள் மூல மதிப்புகளை இயல்பாகப் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் காட்டும் என்பதால், உண்மையில் அது 24. வரலாற்றுத் தரவுத்தளத்தின் ஒரு பகுதி அத்தகைய செக்டர்களின் மேல் கிடந்திருக்கிறது. அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றிருக்கிறது. புதிய ப்ரொஃபைல் நன்றாக ஓடியதற்கு, அதன் கோப்புகள் வட்டின் வேறொரு நல்ல இடத்தில் எழுதப்பட்டதே காரணம். சோதனை பொய் சொல்லவில்லை. நான்தான் அதிலிருந்து தவறான முடிவை எடுக்க இருந்தேன்.

அந்த நிலையில் டிஸ்கைச் சரிசெய்யும் கருவிகளை ஓட்டும் ஆசை வரும். அதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன், ஏனெனில் முழு வட்டையும் பரிசோதிக்கும் வேலையே நலிந்த டிஸ்கை வீழ்த்திவிடக்கூடும். முதலில் ஆவணங்களையும், பிறகு புக்மார்க்குகளையும், கடைசியாகக் கடவுச்சொற்களையும் ஒரு வெளிப்புற டிஸ்கில் சேமித்தேன். ஏற்றுமதி செய்த கடவுச்சொற்கள் எவரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துகளாக இருப்பதால், புதிய இடத்தில் சேர்த்தவுடன் அந்தக் கோப்பை அழித்தேன்.

பழைய டிஸ்கின் இடத்தில் சுழலும் வட்டு இல்லாத சேமிப்பகமான ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தி, பழைய டிஸ்கை அப்படியே நகலெடுக்காமல் இயங்குதளத்தைப் புதிதாகவே நிறுவினேன்; காலியாக இருந்த ரேம் துளையில் இன்னொரு 4 ஜிபியையும் சேர்த்தேன். அதன் பின் வந்த மூன்று மாதங்களில் உலாவி ஒரு முறைகூட உறையவில்லை. உயர்தெளிவு வீடியோக்கள் மட்டும் இன்னும் விட்டுவிட்டுத்தான் ஓடுகின்றன. விபி9, ஏவி1 போன்ற புதிய வீடியோ வடிவங்களை விரிக்கும் வன்பொருள் 2012-ஆம் ஆண்டுச் செயலியில் இல்லாததால், முழுச் சுமையும் அதன் இரண்டு கோர்களின் மேல் விழுகிறது. அவற்றை 480 அளவுக்குக் குறைத்துப் பார்க்கிறேன்.