கச்சான் காற்றில் மீன் கெடாமல்: கேம்பிங் பிரிட்ஜ் வாங்குமுன்

பாசிக்குடாவில் ஒரே ஒரு இரவு தங்கி வருவதென்றால் பிரிட்ஜே வேண்டாம். தடித்த ரெஜிபோம் பெட்டி ஒன்று, அடியில் நாலைந்து கிலோ கட்டி ஐஸ், அதற்கு மேல் இறுக்கிக் கட்டிய மீன் பை, மூடியைச் சுற்றி ஒரு டேப். இது மறுநாள் மதியம் வரைக்கும் தாங்கும். தூள் ஐஸை விடக் கட்டி ஐஸ் மெதுவாகக் கரையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மீன் சந்தை ஐஸ் குடிப்பதற்கானதல்ல. அதன் தண்ணீர் தயிர்ச் சட்டியிலோ மரக்கறியிலோ பட விடக்கூடாது.

இரண்டு மூன்று இரவு, அதுவும் பாணமை தாண்டி ஒக்கந்தைப் பக்கம் என்றால் கதை வேறு. ஐஸ் தேடிப் பொத்துவிலுக்குத் திரும்பி வருவதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். பிரிட்ஜுக்குக் காசு செலவழிப்பதில் நியாயம் இருப்பது அப்போதுதான்.

கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பெல்டியர் வகை, அதாவது கரண்ட் ஓடும்போது ஒரு பக்கம் குளிர்கிற தகட்டால் வேலை செய்வது. கொம்பிரசர் இல்லை, சத்தம் குறைவு, தூக்க இலேசு. ஆனால் அது வெளி வெப்பத்தை விட 15 தொடக்கம் 20 பாகை வரைதான் குறைக்கும். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும்போது மட்டக்களப்பில் நிழலிலேயே 34 பாகை வரும். அப்படியென்றால் பெட்டிக்குள் 14 தொடக்கம் 19 பாகை. சோடா குடிக்கப் போதும், மீனுக்குப் போதாது. மீனும் இறைச்சியும் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். சூரை மீனில் இது இன்னும் கடுமை: சூடு பட்டால் அதில் ஹிஸ்டமின் உருவாகும், அதன்பிறகு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலையிடிக்கும், உடம்பு தடிக்கும். பிள்ளைகளோடு போகிற பயணத்துக்கு பெல்டியர் பெட்டியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காஸில் வேலை செய்கிற வகையும் உண்டு. அது மட்டமான தரையில் நிற்க வேண்டும், சுவாலை எரிவதால் கூடாரத்துக்குள்ளோ பூட்டிய வானுக்குள்ளோ வைக்கவே கூடாது. மணலில் சரிந்து நிற்கிற நம் கரையோரத்துக்கு அது தோதுப்படாது.

ஆகவே கொம்பிரசர் வகைதான். நாலைந்து பேர், இரண்டு இரவு என்றால் 35 முதல் 45 லீற்றர் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் பால்மாதான் என்பதால் பாலுக்கு இடம் ஒதுக்கத் தேவையில்லை. இரண்டு கிலோ மீன், ஒரு கோழி, முட்டை, தயிர், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் அடங்கும். இதைவிடப் பெரிதாக எடுத்தால் வெறும் பெட்டியே பாரமாக இருக்கும். வாங்கப் போகும்போது அளவு நாடாவோடு போங்கள். மூடி மேல்பக்கம் திறப்பதால் வானின் பின்சீற்றுக்குப் பின்னால் அது முழுதாகத் திறக்குமா, காற்றுத் துவாரப் பக்கம் 10 சென்ரிமீற்றராவது இடைவெளி கிடைக்குமா என்று பாருங்கள். மூடி ரப்பரையும் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு தாள் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வழுக்கி வந்தால் அந்த இடத்தால் ஈரக்காற்று உள்ளே போகும், பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும்.

இனி முக்கியமான விசயம். பெட்டி பழுது என்று திருப்பிக் கொண்டு போகிற பலருடைய பெட்டியில் பிழையே இருக்காது, பிழை வயரில்தான். லைட்டர் சொக்கட்டுக்குப் போகும் வயர் மெல்லியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், பற்றரியில் இருந்து பின்பக்கம் 5 மீற்றர், போக வர 10 மீற்றர். 5 அம்பியர் ஓடும்போது அதிலேயே ஏறக்குறைய 0.6 வோல்ட் போய்விடும். பற்றரியில் 12.2 இருந்தாலும் பிரிட்ஜுக்குக் கிடைப்பது 11.6. பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து அது நின்றுவிடும். நின்றதும் கரண்ட் ஓடாது, வோல்ட் திரும்ப ஏறும், கொம்பிரசர் ஒரு முறை உறுமும், மறுபடி நிற்கும். விடியும்போது மீன் வெதுவெதுப்பாக இருக்கும். 6 சதுர மில்லிமீற்றர் வயரைப் பற்றரியில் இருந்து நேரே இழுத்தால் இழப்பு 0.15 வோல்ட்தான். பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ் போட வேண்டும். பியூஸ் பிரிட்ஜ் பக்கம் இருந்தால், நடுவில் வயர் உராய்ந்து வாகனத்தின் இரும்பு பொடியில் பட்டாலும் அது உருகாது, வயர்தான் எரியும்.

கொம்பிரசர் ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். நம் வெயிலில் 4 பாகையில் வைத்தால் நாளில் கிட்டத்தட்ட பாதி நேரம் ஓடும். அது ஒரு நாளைக்கு 40 முதல் 45 அம்பியர் மணி (பற்றரியில் இருந்து எடுக்கிற கரண்டின் அளவு). வாகனத்தின் 60 அம்பியர் மணிப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் காலையில் ஸ்டார்ட் எடுப்பது சந்தேகம். ஹைபிரிட் கார்களில் 12 வோல்ட் பற்றரி இன்னும் சிறியது, அது இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் அசையாது. வாகனப் பற்றரியில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பிரிட்ஜின் பற்றரிப் பாதுகாப்பை, அதாவது பற்றரி இறங்கினால் பிரிட்ஜைத் தானே நிறுத்துகிற அமைப்பை, உயர்ந்த நிலையில் வையுங்கள்.

கையில் காசு இருந்தால் 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரியைத் தனியாக வைப்பதே நல்லது. இரண்டு நாள் தாங்கும். அதை ஓல்டர்னேற்றரில் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருவது) நேரடியாக இணைக்காமல், அந்தக் கரண்டை லித்தியம் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் 20 அம்பியர் டிசி–டிசி சார்ஜரை இடையில் போடுங்கள். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் போய்ச் சேருகிற இரண்டரை மணி நேரத்தில் 50 அம்பியர் மணியளவு ஏறும். 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 25 அம்பியர் மணி வரை தரும். இன்வேட்டர் போட்டு 230 வோல்ட்டாக்கி ஓட்ட வேண்டாம், வழியிலேயே பத்து பதினைந்து வீதம் வீணாகும்.

புறப்படும் முதல்நாள் பின்னேரமே வீட்டுக் கரண்டில் போட்டுக் குளிர வைத்து, ஏற்கெனவே குளிர்ந்த சாமானைத்தான் அடுக்க வேண்டும். உறைய வைத்த ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டையும் உள்ளே வையுங்கள். அந்த 2 கிலோ ஐஸ் கரையும்போது 185 வாட் மணி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு குடிக்கவும் உதவும். மீனும் கோழியும் அடியில், அங்கேதான் குளிர் அதிகம். கொம்பிரசருக்கு மேலே வருகிற மேட்டுப் பகுதியில் குளிர் கொஞ்சம் குறைவு, முட்டைக்கும் தக்காளிக்கும் தயிருக்கும் அதுதான் இடம். வீட்டில் யாருக்காவது இன்சுலின் இருந்தால் துவாயில் சுற்றி நடுவில் வையுங்கள். 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டி உறைந்துபோனால் பிறகு பாவிக்கக் கூடாது.

போன இடத்தில் பூட்டிய வாகனத்துக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். காற்றுத் துவாரத்தின் மேல் பாயோ போர்வையோ சாய்ந்து கிடந்தால் வெப்பம் வெளியேறாமல் கொம்பிரசர் நின்றுவிடும். மணலில் நேரே வைக்காமல் பலகை ஒன்றின் மேல் வைத்தால் விசிறி மணலை உறிஞ்சாது. வீடு வந்ததும் உப்புக் காற்றுப் பட்ட பிணைச்சல், பூட்டு, பிளக் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு துணியை மடித்துச் செருகி, கொஞ்சம் திறந்தபடியே வையுங்கள். இறுக்கி மூடி வைத்தால் மீன் மணம் ரப்பரில் ஏறிவிடும், அடுத்த பயணத்தில் தயிருக்கும் அதே மணம்தான்.